ஃபேனை மட்டும்தானேம்மா பாக்கச் சொன்னேன்

எட்டு செகண்டா? ஏம்மா, எட்டு செகண்டுல ஆன் ஆனா அதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா? முன்னாடி சுவிட்சப் போட்டுட்டுப் போயி, பல்லு வெளக்கி, ஷேவிங் முடிச்சு வந்து உக்காந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அதுல ஒரு மரியாத இருந்துச்சு. இப்ப கூப்பிடறதுக்குள்ள வந்து நிக்குது. உங்க கடையில குடுத்துட்டுப் போறப்ப நான் என்ன சொன்னேன்? ஃபேன் கத்துது, தூசியத் தட்டுங்கன்னேன். ஃபேனை மட்டும்தானேம்மா பாக்கச் சொன்னேன்.

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. நீங்க கெட்டிக்காரிதான். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சைஸ் வாரியா டப்பால போட்டு வெச்சிருக்கீங்களே, அதுலயே தெரியுது. எங்க வீட்ல ஸ்க்ரூ எல்லாம் சோபாவுக்கு அடியிலதான் குடியிருக்கு.

சிரிக்காதீங்க. நான் ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டையே இன்னும் கொஞ்சம் வேகமா ஓட விடலாமேன்னு கைய வெச்சு, கம்பெனில எச்சரிக்கை கடிதம் வாங்கினவன். கை சும்மா இருக்காதும்மா. புதுசா ஒரு ஆப் வந்துச்சுன்னா அன்னிக்கே போட்டுப் பாத்தாகணும்.

குப்பைய நீக்கற ஆப் மூணு இருந்துச்சா? ஆமா, மூணுதான். மொதலாவது குப்பைய நீக்கும். ரெண்டாவது, அந்த மொதலாவது போட்ட குப்பைய நீக்கும். மூணாவது அது ரெண்டும் ஒழுங்கா வேல செய்யுதான்னு பாத்துக்கும். ஆஃபீஸ்ல இருக்கிற மாதிரிதான். ராம் மெமரிய டபுள் ஆக்கற ஆப்பா? அது வீடியோல ஒரு மொட்டத்தலையன் சொன்னான். ஆகாதா? சரி விடுங்க, ஆகாது. கீபோர்டுல லைட்டு கலர் கலரா ஓடுமே, அதையும் நிறுத்திட்டீங்களா? நல்லதாப் போச்சு. வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்னு வீட்டுக்காரி தெனமும் கரிச்சுக்கொட்டுவா.

மொத்தம் பதினொண்ணு எடுத்தீங்களா? எங்க, அந்தச் சீட்டக் குடுங்க. ம்... இது போகட்டும். இதுவும் சனியன்தான், போகட்டும். நில்லுங்க. இத ஏம்மா எடுத்தீங்க? இந்த ரிமோட் ஆப்ப?

யாரோ வெளியாளு உள்ள வந்து மவுஸ நகத்திட்டுப் போறாங்கன்னா? தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சுதான் வர்றாங்க. வெளியாளு இல்ல. என் மக.

இல்ல, போன்ல எல்லாம் பேச முடியாது. எங்கிட்டப் பேச மாட்டா. அவ படம் வரையறவ, கொழந்தைங்க புத்தகத்துக்கு. ரெண்டு வருஷம் வரைஞ்சது பூரா இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழம அவ வெளிய போயிருந்த நேரம் பாத்து, டிஸ்க்க வேகமாக்கறேன் பேர்வழின்னு அந்த மொட்டத்தலையன் சொன்னத அப்படியே அடிச்சேன். வேகமா ஆச்சு. உள்ள ஒண்ணுமே இல்லேன்னா வேகமாத்தானே ஓடும்?

தப்புப் பண்ணிட்டேம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பேக்கப் எடுத்து வெக்கறதுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். நாக்கா அது? அன்னிக்குப் பையத் தூக்கிட்டுப் போனவதான். மூணு வருஷம் ஆச்சு.

வீட்டுக்காரியோட தையல் ஆர்டர் எல்லாம் இதுலதான் இருக்கு. இது படுத்துச்சுன்னா அவ மகளுக்குப் போன் போடுவா. மக அங்கேருந்தே உள்ள வந்து சரி பண்ணுவா. நான் முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். அம்புக்குறி தானா நகரும். வேகமா, சிடுசிடுன்னு. அவ நடக்கறதும் அப்படித்தான். என் கை சும்மா இருக்குமா? மவுஸத் தொட்டுருவேன். ஒடனே நோட்பேட் திறக்கும். அப்பா, மவுஸ விடுங்க. அவ்ளோதான் எழுதுவா. அதையும் அழிச்சுட்டுப் போயிடுவா. ஆனா அப்பான்னு எழுதுவாம்மா.

அதுக்காக இதுவரைக்கும் ஏழு தடவ இதக் கெடுத்திருக்கேன். மூணு கிளீனர் எதுக்குன்னு இப்பப் புரியுதா?

சரி, என்னப் பாக்காதீங்க, வேலயப் பாருங்க. அந்த ஆப்பத் திரும்பப் போடுங்க. அவ உள்ள வர்றதுக்கு அது குடுக்கற நம்பர் மாறினாப் பரவால்ல, வீட்டுக்காரி அவகிட்ட சொல்லிடுவா. அப்புறம் ஒரு உதவி. எதையாவது ஒண்ணக் கெடுத்துக் குடுங்க. பெருசா வேணாம், தையல் கணக்கு போயிடக் கூடாது. ஆனா சரி பண்ண ஒரு மணி நேரமாவது பிடிக்கணும். இந்தத் தடவ நோட்பேட் திறந்தா நானும் ஒரு வரி எழுதலாம்னு இருக்கேன். ஒத்த வெரல்ல அடிக்கறவன்மா நான், நேரம் ஆகும்.