மெஷின் புடிக்காத பெருவிரல்

வீரப்பன்: கண்ணத் தொற சுபத்ரா. தொறன்னா மூடுறியே!

சுபத்ரா: உங்க கை கிட்ட வந்தா தானா மூடுதுங்க... ஸ்ஸ்! பெருவிரலா அது? உப்புத்தாளு லா.

வீரப்பன்: காலமெல்லாம் கத்திரி புடிச்சுத் தேயிலை வெட்டுன கை. வேற எப்படி இருக்கும்? மேல பாரு. கட்டு அவுத்ததும் ஒரு சொட்டுன்னு ஈப்போ ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னா இல்ல?

சுபத்ரா: கை கழுவுனீங்களா?

வீரப்பன்: ரெண்டு தடவ. சோப்புப் போட்டு.

சுபத்ரா: ...ஆங், விழுந்துருச்சு. போதும், போதும்.

வீரப்பன்: என்னா தெரியுது? சொல்லு. ஏமாத்தியிருந்தானுகன்னா இப்பவே பஸ் ஏறிப் போயிக் கேக்கணும்.

சுபத்ரா: இருங்க லா, தண்ணியா வழியுது... ஜன்னல் தெரியுது. ரோட்டுல காய்கறி லோரி... அதுக்கு மேல மலை... ஐயோ, என்னங்க! தேயிலை வரிசை ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியுது!

வீரப்பன்: என்னைப் பாரு.

சுபத்ரா: கிட்ட வாங்க... இப்படித் திரும்புங்க.

வீரப்பன்: என்னாடி?

சுபத்ரா: இவ்ளோ கெழடாயிட்டீங்களா! நான் பாக்காத நேரமாப் பாத்து...

வீரப்பன்: அப்ப ஆபரேஷன் சரியாத்தான் பண்ணியிருக்கான்.

சுபத்ரா: எவ்ளோ நல்லாப் பாத்துக்கிட்டாங்க. சொந்த அத்தையக் கூப்புடுற மாதிரி மாக்சிக், மாக்சிக்னு கையப் புடிச்சு உக்கார வச்சுச்சு அந்த மலாய்க்காரப் புள்ள. நல்லா இருக்கணும் அது.

வீரப்பன்: அதான் எனக்குச் சந்தேகம். கவர்மெண்டுல இவ்ளோ கம்மியா வாங்கிக்கிட்டுக் கண்ணையே சரி பண்ணித் தர்றான்னா, எங்கயோ என்னமோ இருக்கு. ரசீதப் பத்திரமா வச்சிருக்கேன்.

சுபத்ரா: எதுக்கு?

வீரப்பன்: நாளைக்கு வந்து பாக்கி கேட்டா?

சுபத்ரா: கேப்பாங்க, வந்து கண்ணத் திருப்பிக் குடுன்னு! கவர்மெண்ட நம்ப மாட்டீங்க, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர நம்ப மாட்டீங்க, மருந்து போத்தல மூந்து பாத்துட்டுத்தான் குடிப்பீங்க. ஆனா பிரிஞ்சாங் ஓட்டல்ல கூட்டம் போட்டானே, கோட்டுப் போட்டவன்... அவன மட்டும் நம்புனீங்க.

வீரப்பன்: அவன் பேச்ச எடுக்காத.

சுபத்ரா: ஆறு மாசத்துல ரெட்டிப்பாத் தர்றேன்னானாம். இவரு சம்பளத்துல புடிச்சு வச்ச இபிஎஃப் காசு மொத்தத்தையும் எடுத்து அவன்கிட்ட குடுக்கக் கெளம்பிட்டாரு.

வீரப்பன்: தோட்டத்துல ரிட்டயர் பண்ணிட்டான். லயத்து வீட்டக் காலி பண்ணுன்னுட்டான். மனுஷன் என்னா பண்ணுவான்?

சுபத்ரா: ராமையா அண்ணனும் அப்படித்தான் நெனச்சாரு. எல்லாத்தையும் குடுத்துட்டு, இந்த வயசுல திரிங்காப்புல கோஸ் மூட்ட தூக்குறாரு.

வீரப்பன்: பாவம்... முழங்கால் வேற வீங்கிக் கெடக்கு.

சுபத்ரா: நமக்கு அந்த இபிஎஃப் காசு மாசாமாசம் வந்துருது. இந்த ரூமுக்கு வாடகை, உங்க பிரஷர் மருந்து வாங்கப் போற பஸ் காசு, இப்ப ஈப்போவுக்கு வேன் வாடகை... எல்லாம் அதுலதானே?

வீரப்பன்: எல்லாம் முனீஸ்வரன் புண்ணியம். மொத்தமா எடுக்கப் போனப்ப இபிஎஃப் ஆபீஸுல பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னான். வச்சேன். மெஷின் புடிக்கல. மறுபடி வச்சேன், புடிக்கல. மொத்தமாத் தர முடியாதுன்னுட்டான். முந்தின ரெண்டு நாளும் அவரு கோயிலுக்கு வெள்ளையடிச்சேன்ல? அதுக்குத்தான் என் காச அவரு காத்துக் குடுத்தாரு.

சுபத்ரா: மாசம் தவறாம அவருக்குச் சுருட்டு வைக்கிறீங்க...

வீரப்பன்: வைப்பேன். நன்றி இல்லாதவனா நான்?

சுபத்ரா: எனக்கு ஒரு முழம் பூ வாங்கியாந்தது இல்ல.

வீரப்பன்: உனக்கு எதுக்குடி?

சுபத்ரா: ...கோவப்படாம கேப்பீங்களா?

வீரப்பன்: நீ மொதல்ல சொல்லு.

சுபத்ரா: கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி யாரும் கேக்கல. நாந்தான் பூசாரிகிட்ட போயி, எங்க வீட்டுக்காரரு ஆசப்படுறாருன்னு சொன்னேன்.

வீரப்பன்: என்னா?

சுபத்ரா: பிரஷ் காணாமப் போச்சுன்னு சொன்னேன்ல? அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சதும் நாந்தான். நீங்க வெறுங்கையால சுண்ணாம்பக் கரைச்சு, துணிய முக்கி முக்கித் தேச்சீங்க...

வீரப்பன்: தோலு உரிஞ்சு போச்சுடி!

சுபத்ரா: அதுக்குத்தான். ஜெயா அக்கா காய்கறித் தோட்டத்துல மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டுட்டு ஐ.சி. அடையாளக் கார்டு மாத்தப் போனப்ப, அவங்க ரேகைய மெஷின் புடிக்கவே இல்ல. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு வேற வழி தெரியல. வாயால சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? திட்டுங்க. திட்டிருங்க.

வீரப்பன்: வலது கைதான் புடிக்கல.

சுபத்ரா: ம்?

வீரப்பன்: வலது கையாலதானே தேச்சேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு எடது பெருவிரல வைக்கச் சொன்னுச்சு. ஒரே வைப்புல புடிச்சிருச்சு.

சுபத்ரா: பின்ன... ரேகை விழாதவனுக்கு மாசாமாசம்தான் தருவான், அதான் சட்டம்னு வந்து சொன்னீங்க?

வீரப்பன்: அப்படி ஒரு சட்டமே கெடையாது. நானே சொன்னது.

சுபத்ரா: ஏங்க?

வீரப்பன்: எல்லாத்தையும் எடுத்துட்டா வீட்டுல இருக்குற மாக்சிக்குக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. நீ அன்னிக்குக் காலையில என்னை ஏத்திவிட பஸ்ஸுக்கு வந்தல்ல? நான் பின் சீட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கேன்... நீ முன்னால உக்காந்திருந்த யாரோ ஒரு சீனக் கெழவன நான்னு நெனச்சு அவனுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கை காட்டிக்கிட்டு நிக்கிற. பஸ்ஸு வளைவு திரும்புற வரைக்கும்... அதுதான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. மாசாமாசமே போடும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.