சந்தனத்தில் ஊற்றிய செரம்

மொதல்ல ஆரம்பிச்சது பரமேஸ்வரன்தான்! என் கூடப்பொறந்தவ புருஷன். மச்சானாம் மச்சான்... இல்லல்ல, அந்த ரெட்டினால் டப்பாவ பையில போடாதீங்க தங்கச்சி, அதப் பத்தித்தான் பேச்சே! ரயில்ல இவ்ளோ எடம் காலியா இருந்தும், அத உங்க கையில பாத்துத்தான் இங்க வந்து உக்காந்தேன். இருங்க, தொப்பிய எடுக்கிறேன்... ஐயோ, பயப்படாதீங்க! ஒட்டாது. தோல்தான் உரியுது.

அவன் மக லோகேஸ்வரிக்கு நிச்சயம். பிரிக்பீல்ட்ஸ் மண்டபம். மாப்ள வீட்டுக்காரங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. இவன் மைக்க புடிச்சி, "எங்க மச்சானுக்கு அறுவத்திரண்டு வயசு, மூஞ்சி பூரா பரு, ஜெரவாட்! இப்பத்தான் வயசுக்கு வந்திருக்காரு!"ங்கறான். சம்பந்தியம்மா சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த லட்டு முன் வரிசைக்குப் போயிருச்சு! நானும் சிரிச்சேன். சிரிக்காம? நல்லாத்தான் சொன்னான், பாவி. அதான் கோவமே!

முப்பது வருஷம் போர்ட்ல கப்பல் சரக்கு லோரி ஓட்டுன மூஞ்சிலா. எண்ணெய், பொகை, வேர்வ... பரு வராம பன்னீரா வரும்?

லோகேஸ்வரிதான் பாவம், பருவுக்குன்னு இதே ரெட்டினால் செரம் வாங்கிக் குடுத்தா. "மாமா, ராத்திரி மட்டும். வாரத்துக்கு ரெண்டே தடவ. பட்டாணி அளவு. வெயில்ல போவாதீங்க." பட்டாணியா! இவ்ளோ பெரிய மூஞ்சிக்கு பட்டாணி எந்த மூலைக்கு? சரின்னு போட்டேன். ரெண்டு வாரத்துல பரு கொறையல, புதுசா நாலு வந்திருச்சு! கேட்டா, "மொதல்ல அப்படித்தான் மாமா, மூணு மாசம் பொறுங்க"ங்கறா. கல்யாணமே இந்த ஞாயித்துக்கிழம!

அதுக்குள்ள பத்துமலைக்குப் போக வேண்டியதாப் போச்சு. அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தா மொட்ட போடறேன்னு வேண்டியிருந்தேன். போட்டேன். மொட்டைக்குச் சந்தனம் பூசணும்லா? கிண்ணத்துல கொழச்சிக்கிட்டே இருக்கேன்... ஒரு யோசன. செரம் சட்டப் பையிலதான் இருக்கு. சந்தனம் குளிர்ச்சி, செரம் மருந்து, மேல முருகன் வேற. மூணும் சேந்தா பரு எங்க நிக்கும்? பாட்டில அப்படியே கவுத்துட்டேன்!

தலைக்கு ஒரு பூச்சு, மூஞ்சிக்கு ரெண்டு. பதினோரு மணி வெயில். எரநூத்தி எழுவத்ரெண்டு படி. பாதி படியில எரிய ஆரம்பிச்சிது பாருங்க... "முருகா! முருகா!"ன்னு குதிக்கிறேன். எனக்கு அருள் வந்திருச்சுன்னு ஒரு அக்கா கால்ல விழுந்து திருநீறு கேக்குறாங்க! என்ன பண்றது? குதிச்சிக்கிட்டே குடுத்தேன்.

மறுநாள் வெந்த நண்டு மாதிரி ஆயிட்டேன். இப்ப உரிச்ச வெங்காயம். கிளினிக்ல டாக்டரு எல்லாத்தயும் நிறுத்தச் சொல்லி ஒரு வெள்ள கிரீம் குடுத்தாரு. நான் எதையும் மறைக்கல, சந்தனக் கதையயும் சொன்னேன். அவரு மூக்குக் கண்ணாடிய கழட்டிட்டு சிரிச்சாரு!

சரிலா, ஊத்துனது என் கைதான். ஒத்துக்கிறேன். ஆனா ஊத்த வெச்சது யாரு?

நான் வரலம்மா, உன் போட்டோ எல்லாம் கெட்டுரும்னு லோகேஸ்வரிக்கு போன் போட்டேன். அழுதுட்டா. "தாய்மாமன் நீங்க கைய புடிச்சி கூட்டிட்டுப் போகாம நான் மணவறைக்கு நடக்க மாட்டேன்"னுட்டா. அப்புறம் எப்படி வீட்ல இருக்கறது? கல்யாண வீட்டுக்குத்தான் போறேன் இப்ப. புது வேட்டி, புதுத் தோலு! ஒவ்வொரு போட்டோலயும் பரமேஸ்வரன ஒட்டித்தான் நிப்பேன். அவன் ஆல்பத்த எப்ப தொறந்தாலும் நான் உரிஞ்சிக்கிட்டு நிக்கணும்!

ஆனா ஒண்ணு. சபையில சிரிச்சவன் சபையில மன்னிப்புக் கேக்கணுமா இல்லயா? காலையில போன் பண்ணான். ஆஹா, கேக்கப் போறான்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். "மச்சான், பசியாறிட்டீங்களா?"ங்கறான்! அவ்ளோதான். வெச்சிட்டான்.

தங்கச்சி... எங்க எந்திரிக்கிறீங்க? இது பாடாங் ஜாவா! கிள்ளான்னு சொன்னீங்களே, இன்னும் ரெண்டு ஸ்டேஷன்... அட, ஓடுறீங்களே! சரி, போங்க, போங்க. நீங்களே சொல்லிட்டுப் போங்க, நான் என்ன பெருசாவா கேட்டேன்? "தப்புதான் மச்சான்." ரெண்டே வார்த்த. நாளைக்குக் கல்யாணத்துல மைக்க புடிச்சி அவன் சொல்லாம நான் பந்தியில கைய வைக்க மாட்டேன்!