தொட்டியில் மிதந்த ஐஸ் பாட்டில்

நீங்கள் மீன் வளர்த்ததில்லை போலிருக்கிறது. வளர்த்திருந்தால், ஃப்ரிட்ஜின் குளிரை ஏன் கடைசிவரை திருகி வைத்தேன் என்று இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டீர்கள். தங்கமீனுக்குச் சூடு ஆகாது. தண்ணீர் வெதுவெதுப்பானால் அதில் காற்று குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அதை என்னால் பார்க்க முடியாது. நான் சுபாவத்திலேயே பயந்தவள்.

வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வந்தால் விருந்தாளி மாதிரிதான். போன கோடையில் நான் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மீன்களை அண்ணியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“மீனுதானே. செத்தா வேற வாங்கிக்கலாம். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறியே” என்றார்.

எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும்.

இந்தக் கோடைக்கு மறுபடியும் மீன் வாங்கினேன். பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, உறைய வைத்து, தொட்டியில் மிதக்கவிடுவேன். ஒன்று கரைவதற்குள் இன்னொன்று தயாராக வேண்டும். எங்களுடையது அரதப் பழசான ஃப்ரிட்ஜ். முழுக்கத் திருகினால்தான் வேலை செய்யும். அடுத்த பாட்டில்கள் கதவுத் தட்டை அடைத்துக்கொண்டதால், அங்கே இருந்த அண்ணியின் இன்சுலினை ஃப்ரீசருக்கு நேர் கீழே நகர்த்தினேன். அண்ணிக்குக் கண் மங்கல். மருந்தை எடுத்து ஊசி போட்டுவிடுவது நான்தான்.

ஒருநாள் எடுத்துப் பார்த்தால் மருந்து கட்டியாக உறைந்திருந்தது. உறைந்துபோனால் தூக்கி எறிந்துவிட வேண்டும், அப்புறம் அது வெறும் தண்ணீர்தான் என்று மருந்துக்கடைக்காரர் எப்போதோ சொன்னது நன்றாக நினைவிருந்தது. உள்ளங்கையில் பொத்திக் கரைத்தேன். பார்க்க முன்போலவே இருந்தது. ஊசி போட்டேன். மிச்சத்தை அதே இடத்தில் வைத்தேன்.

“மீனுங்க நல்லாருக்கா?” என்று ஊசி போடும்போதெல்லாம் அண்ணி விசாரிப்பார். போன வருஷத்துக்கு ஈடுகட்டுகிறாராம்.

“நல்லா இருக்கு அண்ணி” என்பேன்.

பிறகு அவருக்குத் தாகம் எடுத்தது. குடம் குடமாகக் குடித்தார், பாத்ரூமுக்கு நடையாய் நடந்தார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டபோது, “வெயில் அண்ணி. எல்லாருக்கும்தான் நாக்கு வறளுது” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

கடைசி நாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து மூச்சை வாரி வாரி இழுத்தார். வாய் பிளந்து பிளந்து மூடியது. அந்த மாதிரி மூச்சு எனக்குப் பழக்கம்தான்.

“என்னமோ பண்ணுதும்மா. பயமா இருக்கு. எங்கயும் போகாத, என் கையப் பிடிச்சுக்க.”

அண்ணி பயந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக என் மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். “பாட்டில் மாத்திட்டு வந்துடறேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய், தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. கூப்பிடும் சத்தம் நின்ற பிறகுதான் எழுந்து போனேன்.

அவ்வளவுதான், எதையும் மறைக்கவில்லை. மீன்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, இடையில் அண்ணியின் மருந்து கெட்டுப்போனது.

தொட்டியில் மீனே இல்லையே என்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பயத்தில் ஒரே நேரத்தில் ஐஸை நிறையப் போட்டுவிட்டேன். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தாலும் மீன்கள் தாங்காது. எல்லாமே கோடையின் தொடக்கத்தில் செத்துப்போயின, அண்ணியின் மருந்து முதல்முறை உறைவதற்கு வெகு முன்பே.

அதன் பிறகும் பாட்டில்களை மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் சூடாகிவிடுமோ என்று அவ்வளவு பயமாக இருந்தது.