முள் காட்டிய ஆறாயிரத்து எண்ணூறு

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, குடிக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கல்முனைக்குடியிலிருந்து நானாகவே நடந்து வந்தேன். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்னை அறிந்தவர். "என்ன காக்கா, ஸ்டேஷன் ஜெனரேட்டர் நல்லாத்தானே ஓடுது, ஆரு உங்களக் கூப்பிட்ட?" என்று சிரித்தார். இந்தப் பக்கத்தில் நான் ஓரிடத்துக்குப் போனால் அங்கே ஏதோ பழுது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள்.

பெயர் ஜவுபர். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறேன்.

போன நவம்பர் தொடக்கத்தில் எங்கள் ஊர் மீன்பிடிகாரன் மசூர் பழைய படகொன்றை வாங்கி வந்தான். ஏதோ ஹோட்டலில் வெளிநாட்டுக்காரரை ஏற்றி ஓடிய படகு. எங்கள் மீன்பிடிப் படகுகளில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மீற்றர். மற்றவர்கள் எஞ்சினைக் காதால் கேட்டு ஓட்டுவார்கள். மசூர் அந்த முள்ளைப் பார்த்து ஓட்டினான். முழு வேகத்திலும் அந்த எஞ்சின் ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. முள் ஆறாயிரத்து எண்ணூறில் நின்றது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கடற்கரைத் தேநீர்க் கடையடியில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது படகைக் கொண்டுவந்து காட்டினான். "காக்கா, முள்ளு மேலயே ஏறி நிக்கிது. எஞ்சினுக்கு என்னயும் ஆகிருமா?"

நான் குழாய்த் தண்ணீரைக் கொடுத்துக் கரையிலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். சத்தத்தில் குறையில்லை. "எஞ்சின் நல்லாத்தான் இரிக்கி. மீற்றர்தான் பொய் சொல்லுது" என்றேன்.

அங்கே றாஸிக்கும் நின்றான். பக்கத்து வீதியில் எஞ்சின் திருத்துகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், கொழும்பில் ஏதோ படித்துவிட்டு வந்தவன். "காக்கா, ஒருக்காக் கடல்ல ஓடிப் பாத்தா நல்லம். விசிறிட றப்பர் புஷ் வழுக்கினாலும் இப்பிடித்தான் முள்ளு ஏறும்" என்றான்.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். தண்ணீரைத் தள்ளும் விசிறி எஞ்சினின் தண்டில் நேரடியாக இறுகி இருப்பதில்லை. நடுவில் றப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. அது பழுதானால் தண்டு சுற்றும், விசிறி அந்தளவுக்குச் சுற்றாது. எஞ்சின் கத்தும், படகு போகாது. றாஸிக் சொன்னது நடக்கக்கூடியதுதான். நான் அவனிடம், "நீ படிச்ச புத்தகத்த மூடி வெய்யி தம்பி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு நான் தனியே படகை எடுத்துக்கொண்டு போனேன். போகுமுன் விசிறியின் நடுவில், உள்வளையத்திலிருந்து வெளிவளையத்துக்கு ஒரே நேராக வெள்ளைப் பெயின்ற்றால் கோடு இழுத்தேன். முழு வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பி, எஞ்சினைத் தூக்கிப் பார்த்தேன். கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மற்றதிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. புஷ் வழுக்குகிறது. சந்தேகமே இல்லை.

புதுப் புஷ் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை செல்லும். ஒரு கிழமை அந்தப் படகு கரையில் கிடந்தால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். அதை யோசிக்கவே களைப்பாக இருந்தது. துணியில் பெற்றோல் நனைத்துக் கோட்டைத் துடைத்தேன். மீற்றரின் பின்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கும், எந்த வகை எஞ்சின் என்று மீற்றருக்குச் சொல்லும் திருகு. அது சரியான இடத்தில்தான் இருந்தது. அதைப் பிழையான இடத்துக்குத் திருப்பினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது முள் ஐயாயிரத்து இருநூறுக்கு இறங்கியிருந்தது.

மசூர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "காக்காட கை பட்டாத்தான் சரி" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படி சொன்னான். அன்று பின்னேரம் அவனுடைய மனைவி கமீலா வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்தது. நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

புஷ்ஷை இரகசியமாக எடுப்பித்து, வேறு காரணம் சொல்லிப் பூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தேன். மறந்துபோனேன் என்று உங்களுக்குச் சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் படகு கரைக்கு வந்தது. வந்த பிறகு எனக்கு அவசரம் தெரியவில்லை. பத்தொன்பது நாள் அப்படிப் போனது.

இருபதாம் நாள் மசூரும் அவனோடு கடலுக்குப் போகும் சுஜிந்தனும் விடியுமுன்னே போயிருந்தார்கள். சுஜிந்தன் திருக்கோவில் பொடியன், நல்ல நீச்சல்காரன். எட்டு மணிக்குப் பிறகு காற்று மாறிக் கடல் பொங்கியது. ஒன்பது மணிபோல எனக்குப் போன் வந்தது. அந்த நேரம் றாஸிக் ஸ்பேனர் ஒன்று இரவல் கேட்டு என் முன்னால் நின்றான்.

"காக்கா, எஞ்சின் கத்துது, படகு போகுதில்ல" என்றான் மசூர். "முள்ளு ஐயாயிரத்துலதான் நிக்கிது. அலை உடையிற இடத்துக்கு இன்னம் கொஞ்சந்தான். உள்ளுக்கு வரவா, வெளியில நிக்கவா?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறை, மெல்ல ஓடினால் புஷ் பிடிக்கும். கரைக்கு வராதே, வெளியே நங்கூரத்தைப் போடு, கட்டி இழுக்க வேறு படகு அனுப்புகிறேன். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் எதிரே நிற்கிறவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முள்ளு சரியாத்தானே இரிக்கி?" என்றேன். "அப்ப எஞ்சின்ல ஒண்ணுமில்ல. பயப்பிடாம நல்லா வேகம் குடுத்து உள்ளுக்கு ஏத்து."

"சரி காக்கா" என்றான். அவன் என் சொல்லுக்கு மறுசொல் சொல்கிறவனில்லை.

"ஆரு?" என்று கேட்டான் றாஸிக். "மசூர். வந்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

மிச்சம் உங்கள் பைலில் இருக்கிறது. அலை உடையும் இடத்தில் விசிறி முழுதாக நின்றுபோனது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. சுஜிந்தன் நீந்தி வந்தான். மசூரை இரண்டு நாளைக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கரையில் எடுத்தார்கள். மையத்தை வைத்த சந்தூக்கில் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன்.

அடக்கம் முடிந்ததும் சுஜிந்தன் தோளில் கட்டோடு மையவாடி வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னான். "கடைசி வரைக்கும் ஜவுபர் காக்காதான் போன்ல வழி சொன்னவர். வேற ஒருத்தரும் எங்களுக்கு ஆன்சர் பண்ணல்ல." ஆட்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். றாஸிக் கூடப் பிடித்தான்.

கரையொதுங்கிய படகிலிருந்து கமீலா எஞ்சினைக் கழற்றுவித்து எனக்கே அனுப்பிவைத்தாள். "அவர் நம்பினது உங்களத்தான் காக்கா. நீங்களே வெச்சிக்கங்க." வேறு யாரும் அதைத் திறக்கும் முன்பு நான் புதுப் புஷ் எடுப்பித்துப் பூட்டினேன். கொழும்பிலிருந்து ஆறே நாளில் வந்தது. பழையது என் பட்டறை அலுமாரியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக, கடலுக்குப் போகுமுன் எஞ்சினை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பாண்டிருப்பிலிருந்தும் வருகிறார்கள். நான் "சரி" என்றால் சிரித்துக்கொண்டு போகிறார்கள். பின்னேரம் அவர்கள் எல்லாரும் கரைக்கு வரும்வரை நான் இருந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை. என்னால் இனி ஏலாது, சேர்.

எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள், நன்றி. திருகைத் திருப்பியது சரி. போனில் சொன்னது சரி. தெரிந்துகொண்டே சொன்னேன் என்று எழுதியிருப்பதும் சரி. மசூரைக் கொன்றது நான்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். முதல் நாள் நான் பழுதைப் பிழையாகக் கணித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில், அந்தச் சத்தத்தைக் கேட்டு, எந்த மெக்கானிக்காக இருந்தாலும் மீற்றர் என்றுதான் சொல்லியிருப்பான். அதைத் திருத்தித் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன்.