மண்டபத்துக்கு ஒரு சைவக்காரர்

எங்கள் கரையில் திருநீறு பூசும் ஒரு சைவக்காரரைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை, பத்மாசினி அக்கா. மாதா கோயிலைச் சுற்றி இருப்பது முழுக்க வேதக்காரர். எங்கள் வீட்டு ஆட்டுக்குக்கூட லூசியா என்றுதான் பெயர்.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். மெல்லத்தான் கதைக்க வேண்டும். ஊர் படுத்துவிட்டது. எனக்கும் பயமாக இருக்கிறது.

கோயில் வளவில் மண்டபம் கட்ட அரசாங்கம் சீமெந்து தந்தது. கூடவே சட்டங்களும் தந்தது. கோயில் சங்கத்துக்குக் கொடுத்தாலும் அது பொதுப்பணம்; ஆகவே மண்டபத்துக்குள் யாரும் கும்பிடக்கூடாது. வலை பின்னும் வகுப்பில் வேறு சமயத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒரு ஐயா வந்து அதைப் பார்த்த பிறகுதான் கூரைக்குத் தகரச் சீற் வரும். சங்கத் தலைவர் என் அப்பா, வின்சன்ற். சீற் கெதியாக வரட்டும் என்று, ‘ஒருவர் இருக்கிறார்’ என்று கையெழுத்து வைத்துவிட்டார்.

“பொய்யெண்டு பிடிபட்டால் என்னை மறியலிலை அடைச்சுப்போடுவாங்கள், யசிந்தா,” என்று சொல்லிச் சோற்றைத் தள்ளிவைத்தார். பிறகு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவர் எழுதியதை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லைத்தானே. அப்படித்தான் நான் யோசித்தேன்.

அந்தக் கிழமைதான் கந்தப்பு வந்தார். அடுத்த குடாவில் இருந்து தனியாக வள்ளம் வலித்துக்கொண்டு, நைலோன் நூல் வாங்க வந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. மண்டபத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்ச் சாமான் அறையில் இருத்தினேன். அதற்கு மட்டும்தான் மேலே கொங்கிறீற் பிளாற் போட்டிருந்தது. நூலைக் கையில் கொடுத்தேன். உறுதியைப் பார்க்க அவர் ஒரு வலைக்கண் பின்னினார். அத்தோடு அவர் வகுப்பில் சேர்ந்துவிட்டார். நான் வெளியில் வந்து கதவைப் பூட்டினேன்.

இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஊரடங்கு வந்தது. அது முடிய, கந்தோர் ஜீப்புக்கு ரயர் இல்லை. அவரை நான் குறைவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் பாடற்குழு நாளாந்தம் பழகியது. ஒருநாள் தேவாரம் பாடத் தொடங்கினார்.

“அப்பு, இதுக்குள்ளை கும்பிடக்கூடாது.”

“எடியே, ஆளைப் பூட்டி வைக்கலாம், தேவாரம் பாடக்கூடாதோ?”

“பூட்டுறதைப் பற்றிச் சட்டத்திலை ஒண்டும் இல்லை அப்பு.”

“அப்ப உன்ரை மாதாவைக் கும்பிடலாமோ?”

“அதுவும் ஏலாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

வள்ளம் கரையில் கிடந்தால் ஆட்கள் கேட்பார்கள் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது வெறுமையாகப் போய் அவருடைய ஊரிலேயே ஒதுங்கியது. இந்தச் சண்டை நாட்களில் வெறும் வள்ளம் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. யாரிடம் கேட்பது? முப்பத்தோராம் நாள் கீரிமலையில், அவர் செத்துவிட்டார் என்று அவருக்கு அந்தியேட்டி செய்தார்கள். எனக்குத் தெரியும், சந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நல்ல படம். சொன்னால் மனம் நொந்துபோவார் என்று அவருக்குச் சொல்லவில்லை.

கடைசியில் கந்தோர் ஐயா வந்தார். ஆள் அடுத்த குடா என்று மட்டும் படிவத்தில் எழுதியிருந்தேன்; அடையாளம் காட்ட அந்த ஊர் விதானையாரும் ஜீப்பில் வந்திருந்தார்.

நான் பூட்டைத் திறந்தேன். “ஐயா, உவள் என்னைப் பூட்டி வைச்சவள்,” என்றார் கந்தப்பு.

விதானையார் அவரைப் பார்த்தபடியே நின்றார். “கந்தப்புவோ? உம்மடை அந்தியேட்டியிலை நான் சாப்பிட்டனான்.”

கந்தப்பு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “வடை இருந்ததோ?”

“இருந்தது. பாயாசமும்.”

“ஆர் செலவழிச்சது?”

“மூத்தவன். உம்மடை வலையளை வித்து.”

கந்தப்பு நிலத்தில் குந்திவிட்டார்.

கந்தோர் ஐயா பேனையை மூடினார். “செத்த ஆளைப் பயனாளியா எழுதேலாது. செத்த ஆளின்ரை முறைப்பாட்டையும் எடுக்கேலாது.” பிறகு அப்பாவிடம் திரும்பினார். “வாற செவ்வாய் இன்னொருக்கால் வாறன். உயிரோடை ஒராள் இருக்க வேணும், வின்சன்ற்.”

கந்தப்பு நடந்தே ஊருக்குப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். அன்றைக்கும் சோற்றைத் தள்ளிவைத்தார்.

அடுத்த நாள், கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை அளவெடுக்க நீங்கள் நெற்றியில் திருநீற்றோடு பண்டத்தரிப்பில் இருந்து வந்து இறங்கினீர்கள். மாதாவே அனுப்பினா என்று நினைத்தேன். முந்தி விட்ட பிழையை நான் இந்த முறை விடவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒருவரும் அந்தியேட்டி செய்யமாட்டார்கள். நான் பொல்லாத பிள்ளை இல்லை அக்கா.

யன்னல் கம்பிக்குக் கிட்ட வாருங்கள், சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன். இன்றைக்கு வெள்ளி, மரக்கறிதான்.

“அழுங்கோ அக்கா, அதுக்குத் தடையில்லை. கும்பிடத்தான் கூடாது.”