கவர்னரின் உடம்புக்குள்ளால் போன அலை

"கவர்னரின்ர உடம்புக்குள்ளாலை அலை போய் அங்காலை மணி அடிச்சது. அவர் செத்தவரே?"

லண்டனில் மனோர் பார்க் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மா கணவரிடம் உரத்துக் கேட்டார். அதிகம் படிக்காத நான் ஏதோ கொலை வழக்கு என்று பயந்துபோனேன். கணவரின் மடியில் காது கேட்கும் மெஷினின் பெட்டி திறந்திருந்தது.

"எந்தக் கவர்னர்?"

"அந்தக் கல்கத்தா விஞ்ஞானி ரேடியோ அலையைச் செய்து காட்டேக்கை குறுக்காலை இருந்த கவர்னர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை; விஞ்ஞானியும் எண்பது வயசுக்குக் கிட்ட சீவிச்சவர். இந்த மெஷின்ர அலை மட்டும் உங்கட மூளையை அவிச்சுப்போடுமே?"

"பிறகு செடிக்கும் நோகுமெண்டு சொன்ன ஆளெல்லே அவர்?"

"ஓம். செடிக்கு நோகிறதையே கண்டுபிடிச்ச மனிசன், ஆளுக்கு நோகுமெண்டால் சொல்லாமல் விடுவாரே? போடுங்கோ. இண்டைக்குத்தான் பேத்தி கோயிலிலை முதன்முதல் பாடுறாள்."

அவர் பெருமூச்சு விட்டு மெஷினைக் காதில் மாட்டினார். அம்மா யன்னல் பக்கம் திரும்பி, எனக்கே மட்டுமட்டாகக் கேட்ட குரலில், "பிடிவாதம் பிடிச்ச கிழடு" என்றார்.

"கேட்டது," என்றார் அவர்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பாட்டும் கேக்கும்."