குறுக்கே மூன்று தகடு, நெடுக்கே ஒன்றுமில்லை

பால் டேங்கர் கவிழ்ந்த வழக்கில் ஒன்பதாம் சாட்சி சொல்லக் கேட்டு எழுதியது. ஆண், வயது 27. படிப்பு: இயந்திரவியல் பொறியியல். தொழில்: பால் போக்குவரத்து நிறுவனத்தின் பட்டறையில் வடிவமைப்புப் பொறியாளர். குடியிருப்பு: பட்டறைக்குப் பின் தெரு, எடைமேடைக்கு எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி. எழுதத் தொடங்கிய நேரம் பிற்பகல் 2.10.

நான் மேற்கண்ட முகவரியில் என் அக்காவுடனும் அவர் கணவருடனும் குடியிருந்து வருகிறேன். அக்காவின் கணவரை மாமா என்று அழைப்பேன். இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் ஓட்டுநர் அவர்தான். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன். தான் வேகமாக ஓட்டியதுதான் விபத்துக்குக் காரணம் என்று மாமா மருத்துவமனையில் படுத்தபடி கொடுத்த வாக்குமூலம் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லி, அந்த வண்டியைப் போலவே மாற்றப்பட்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பதினோரு வண்டிகளையும் நிறுத்தச் சொல்வதற்காக வந்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் பன்னிரண்டு டேங்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இருபதாயிரம் லிட்டர் பிடிக்கும். நிறையப் பால் ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டி முதல் ஆலையில் பாதியை இறக்கிவிட்டு, மீதிப் பாதியுடன் இரண்டாம் ஆலைக்குப் போகும். இரண்டு ஆலைகளுக்கும் நடுவில், மேம்பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவின் வெளிப்பக்கத்தில்தான் இந்த விபத்தில் இறந்துபோனவரின் பஞ்சர் கடை இருந்தது.

நிறைந்த டேங்கில் பால் அசைய இடமில்லை. காலி டேங்கில் அசையப் பால் இல்லை. பாதி டேங்குதான் ஆபத்து. பிரேக் போட்டால் பத்து டன் பால் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் திரும்பினால் அதே பத்து டன் வெளிப்பக்கமாக ஏறி வண்டியைச் சாய்க்கும். இவை இரண்டும் வெவ்வேறு என்பதை எழுத்தர் தனி வரியாக எழுத வேண்டும் என்று கேட்டேன். "வகுப்பு எடுக்காதீங்க தம்பி, நடந்ததைச் சொல்லுங்க" என்றார் காவல் ஆய்வாளர். நடந்ததே இதுதான் என்று சொன்னேன்.

மாமா பத்தொன்பது வருடமாகப் பால் வண்டி ஓட்டுகிறார். வளைவு வருவதற்கு முன்னால் பிரேக்கை லேசாக ஒரு மிதி மிதிப்பார். பின்னாலிருந்து பால் வந்து இடிக்கும். அந்த இடி எவ்வளவு பலம், எத்தனை தடவை என்று முதுகில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்த கியரில் திரும்புவது என்று முடிவு செய்வார். இதைக் 'கேட்டுப் பார்க்கிறது' என்பார். நான் ஒரு தடவை அவருடன் போனபோது, அந்த வளைவில் கேட்டுப் பார்த்துவிட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினார். எனக்கு அது கற்காலத்து வேலையாகப் பட்டது. அப்படியே அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு நான் ஒரு வரைபடம் போட்டேன். டேங்குக்குள் குறுக்கே மூன்று தடுப்புத் தகடு, நெடுக்கே ஒன்று. குறுக்குத் தகடு முன்னும் பின்னும் பாய்வதைத் தடுக்கும். நெடுக்குத் தகடு பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும். வண்டி கவிழாமல் இருக்க இது தேவை என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறையும், நம் வண்டி எதுவும் இதுவரை கவிழவில்லையே என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். பொறுமை எனக்குக் குறைவு. மூன்றாம் முறை எழுதியபோது கவிழ்வது என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். தகடு போட்டால் ஓட்டுநர்கள் தயங்காமல் ஓட்டலாம், ஒரு நடைக்கு முப்பத்தைந்து நிமிடம் மிச்சமாகும் என்று எழுதினேன். மறுநாளே கூப்பிட்டார்.

மேலாளர் அறையில் மேசைமேல் சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டியில் பாதி அளவு சாயத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். முதலில் குறுக்குத் தகடு மட்டும் செருகியிருந்தேன். நேராக உருட்டி நிறுத்தினேன், தண்ணீர் அசையவில்லை. மேலாளர் தலையாட்டினார். டேங்குக்குள் இறங்கிக் கழுவும் பணியாளர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியாக இருப்பதால் அவரைப் பட்டறையில் ஊசி என்பார்கள். அவர், "நேராத் தள்ளினா நல்லபிள்ளையாத்தான் நிக்குது. இப்படித் தள்ளிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை விரலால் பக்கவாட்டில் தள்ளினார். தண்ணீர் எகிறி மேலாளரின் கோப்பில் கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதற்குத்தான் நெடுக்குத் தகடு என்று அதையும் செருகிக் காட்டப் போனேன். மேலாளர் கோப்பைத் துடைத்துக்கொண்டு, போதும், வேலையை ஆரம்பி என்றார். பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்கே தெரியும். இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னேன். அடிக்கோடு போடும் வழக்கமில்லை என்றார் எழுத்தர்.

அதன் பிறகு முதல் வண்டியில் நான்கு தகடுகளையும் பொருத்தினோம். குறுக்குத் தகட்டின் நடுவில் ஆள் நுழைய ஓட்டை விட்டிருந்தேன். நெடுக்குத் தகட்டில் விட்ட ஓட்டை போதவில்லை. ஊசி உள்ளே இறங்கி ஒன்றே கால் மணி நேரம் கழித்து மேலே வந்தார். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. "உள்ள திரும்பவே முடியல சார். நான் செத்தா வண்டியோட சேத்துப் புதைச்சிருங்க, இழுத்து வெளிய எடுக்க முடியாது" என்றார். மூன்றாம் நாள், நெடுக்குத் தகடு டேங்கின் அடியில் சேரும் மூலையில் தங்கிய பால் புளித்துப்போனதால் இரண்டாம் ஆலை முழு வண்டியையும் திருப்பி அனுப்பியது. நெடுக்குத் தகட்டை வெட்டி எடுக்கச் சொன்னார் மேலாளர். மூலையை வளைத்து, ஓட்டையைப் பெரிதாக்கி மறுபடி வரைய எனக்கு ஆறு வாரம் வேண்டியிருந்தது. அதுவரை குறுக்குத் தகடும் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று தகடாவது நிற்கிறதே என்று நினைத்தேன். நெடுக்குத் தகடு இரண்டாம் கட்டத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வண்டிகளிலும் குறுக்குத் தகடு ஏறியது. இரண்டாம் கட்டத்தை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. இது நடந்து நான்கு மாதம் ஆகிறது.

தகடு போட்ட வண்டியை முதல் நாள் ஓட்டிவிட்டு வந்த மாமா, பட்டறை வாசலில் என்னிடம், "மாப்ள, பத்தொன்பது வருஷமா ஒருத்தன் முதுகுல குத்திக்கிட்டே வந்தான்டா. அவனைக் கொன்னு போட்டுட்டியே" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, பால் எவ்வளவு கிடக்கிறது என்றே தெரியவில்லையே என்றார். அதற்குத்தான் அளவுமானி இருக்கிறது என்றேன். "அது அளவைச் சொல்லும். கோவத்தைச் சொல்லாதே" என்றார். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் எழுதிக் கொடுத்த முப்பத்தைந்து நிமிடத்தைக் கழித்துப் புது நேர அட்டவணை வந்தது. அதில் என் அறிக்கையின் எண் போட்டிருக்கிறது. பிரதியைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். அந்த அட்டவணைப்படி போக வேண்டுமானால் வளைவில் முப்பதில் திரும்ப முடியாது. முன்பு பால் இடித்துப் பயமுறுத்தியதால் மெதுவாகப் போனவர்கள், இடி நின்றதும் ஆபத்தும் நின்றுவிட்டது என்று நம்பினார்கள். நின்றது இடி மட்டும்தான். பால் பக்கவாட்டில் எப்போதும்போல ஏறிக்கொண்டுதான் இருந்தது. என் கணக்குப்படி பாதிப் பாலுடன் அந்த வளைவில் வண்டி தாங்கக்கூடிய வேகம் நாற்பத்து நான்கு. சாலையோரப் பலகையில் நாற்பத்தைந்து என்று போட்டிருக்கிறது. பலகை கார்களுக்காக வைத்தது.

கடந்த திங்கட்கிழமை முதல் ஆலையில் பம்பு மெதுவாக ஓடியதால் மாமா இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டார். வளைவில் அவர் வேகம் நாற்பத்தாறு என்று வண்டியின் வேகப்பதிவுக் கருவியில் பதிவாகியிருக்கிறது. வண்டி வெளிப்பக்கம் சாய்ந்து கடையின்மேல் விழுந்தது. எனக்குத் தகவல் வந்து நான் போனபோது மாமாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருந்தார்கள். கடைக்காரரை இன்னும் எடுக்கவில்லை. டியூபை முக்கி ஓட்டை பார்க்க அவர் வைத்திருந்த இரும்புத் தொட்டி மட்டும் நசுங்காமல் இருந்தது. அதிலிருந்த தண்ணீர் வெள்ளையாக மாறியிருந்தது. பாதி ஒட்டிய டியூப் ஒன்று அதில் மிதந்தது. டேங்கின் மூடி வழியாக உள்ளே பார்த்தேன். மூன்று தகடுகளும் ஒரு கோணல்கூட இல்லாமல் நின்றிருந்தன. பற்றவைப்பு நல்ல வேலை.

மறுநாள் மருத்துவமனையில் மாமாவைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமா என்னைப் பார்த்ததும், "கேட்டேன்டா மாப்ள. வளைவுக்கு முன்னால மிதிச்சுக் கேட்டேன். பதிலே வரல. சரி, ஒண்ணுமில்லன்னு திருப்பிட்டேன்" என்றார். அதன் பிறகு, வேகமாக ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நீ எதுவும் பேசாதே என்றார். நான் பேசத்தான் போகிறேன் என்றேன். அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் கையில் மாமாவின் செருப்பு இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்தார். "டேய், ஒருத்தரைத் தூக்கி உக்கார வெக்கவே எனக்கு ரெண்டு ஆள் வேணும். நீயும் உள்ள போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்? அவரு உனக்காகத்தான் ஒத்துக்கிட்டாரு. அதையும் வீணாக்கிடாத" என்றார். நான் இங்கே வந்திருப்பது அக்காவுக்குத் தெரியாது.

புதன்கிழமை மேலாளரிடம் போய்ப் பதினோரு வண்டிகளையும் நிறுத்துங்கள், அல்லது பழைய நேர அட்டவணையையாவது திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றேன். ஓட்டுநரே ஒப்புக்கொண்ட பிறகு தகட்டில் என்ன தப்பு என்று கேட்டார். தகட்டில் தப்பில்லை, இல்லாத தகட்டில்தான் தப்பு என்றேன். என்னைப் பத்து நாள் விடுப்பில் போகச் சொன்னார். அதன் பிறகு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் ஓட்டுநர்களிடம் சொன்னேன், வளைவில் முப்பதைத் தாண்டாதீர்கள் என்று. ஏழாம் எண் வண்டியின் ஓட்டுநர், "நீ தகடு போட்டப்புறம்தான் தம்பி நான் இடுப்பு வலி இல்லாமத் தூங்கறேன். உன்னைக் கும்பிடணும்னு வீட்டுல சொல்லிக்கிட்டிருக்கேன். நீயே வந்து இப்படிப் பேசுறியே" என்றார். இன்னொருவர், உன் மாமாவுக்குக் கை தளர்ந்துபோச்சு, அதை ஒத்துக்க மனசில்லாம வண்டியைக் குறை சொல்றே என்றார். ஊசி மட்டும் அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் எகிறியதைச் சொல்லிப் பார்த்தார். டேங்கு கழுவுகிறவன் பேச்சு என்று யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஆய்வாளர், கருவியில் நாற்பத்தாறு, பலகையில் நாற்பத்தைந்து, ஒன்று கூடுதல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் ஓட்டுநர் மீதுள்ள சட்டப் பிரிவு மாறாது என்றார். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வரைபடம் போட்டதற்குப் பிரிவு எது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பதினோரு வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். கவிழாத வண்டிக்கு வழக்கில்லை என்றார். போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம், திங்கட்கிழமை போகும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அப்போது மணி மூன்று பத்து. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, அட்டவணைப்படி ஏழாம் எண் வண்டி இப்போது முதல் ஆலையில் பாதியை இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கும், மூன்று நாற்பதுக்கு வளைவுக்கு வரும் என்று சொன்னேன். என் கைபேசியிலிருந்து அந்த ஓட்டுநருக்கு நான்கு முறை கூப்பிட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், நல்ல ஓட்டுநர். ஆய்வாளர் மேம்பாலத்துக் காவல் சாவடிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நானே போகிறேன் என்று எழுந்தேன். இங்கிருந்து அங்கே ஒரு மணி நேரம் ஆகும், வாக்குமூலத்தை முடிக்காமல் போனால் இது செல்லாது, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எழுத்தர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார். நெடுக்குத் தகடு என்பதை இரண்டு இடத்தில் குறுக்குத் தகடு என்று எழுதியிருந்தார். திருத்தச் சொன்னேன். திருத்தினார். மற்றபடி நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும் நேரத்தையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். எழுதினார்.

ஒப்பம்: சாட்சி.
நேரம்: பிற்பகல் 3.40.